பொன்னைத் தேடினர், ஆணி பேசிற்று!

மன்னன் வாழ்ந்த மாளிகை இடிந்தால், உதிர்ந்த கல்லுக்கும் காவல் போடுகிறார்கள். அந்த மாளிகையைக் கட்டியவன் வாழ்ந்த குடிசை இடிந்தால், அதன்மீது புல் முளைக்கிறது; ஆடு மேய்கிறது; அங்கே ஒரு வீடு இருந்தது என்பதையே அடுத்த தலைமுறை மறந்துவிடுகிறது.

வரலாறு என்று நாம் பள்ளியிலே கற்றதும், இன்று கற்பிப்பதும் பெரும்பாலும் காவல் போடப்பட்ட கற்களின் கதையே. புல் முளைத்த இடத்தின் கதையை யார் எழுதினர்? அங்கே வாழ்ந்தவர்க்கு எழுத்தறிவு கிட்டவிடவில்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில், அடிமைக்கு எழுதக் கற்பிப்பதே குற்றம் என்று 1740ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தனர். எழுதுகோலைப் பிடுங்கிக்கொண்டு, "உங்களுக்கு வரலாறு ஏது?" என்று கேட்கும் வித்தையை உலகெங்கும் ஆதிக்கக்காரர் நன்கறிவர்!

ஆனால், எழுதுகோலைப் பிடுங்க முடிந்தவர்களால் மண்ணின் வாயை அடைக்க முடியவில்லை. அந்தப் புல்தரையின் அடியிலிருந்து இன்று ஒரு குரல் கேட்கிறது. துருப்பிடித்த இரும்பாணியின் குரல் அது. கம்பிச் சுருளும் மின்சாரமும் கொண்டு மனிதன் செய்த ஒரு கருவிதான் அதைப் பேச வைத்தது. மெட்டல் டிடெக்டர் என்று அனைவரும் அறிந்த உலோகங்காட்டி அது. இன்று கோயில் வாசலிலும் மாநாட்டுப் பந்தலிலும் நம்மைத் தடவிப் பார்க்கும் அதே கருவி, பாழ்மனைகளில் எதைத் தேடியது, எதைக் கண்டது, கண்டதை யார் மறைத்தனர் என்பதே இக்கட்டுரை.

பூதத்துக்குக் காவல் வேலை

புதையல் என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது என்ன? பாழடைந்த வீடு, அதனுள் பொற்குடம், அதைக் காக்கும் பூதம், வெற்றிலையில் மை தடவி இடம் சொல்லும் மந்திரவாதி, நள்ளிரவுப் பூசை, கோழியில் தொடங்கிக் குழந்தை வரையில் நீளும் பலி. உழைத்துச் சேர்த்தவன் மறைந்துபோனான். அவன் புதைத்த காசைக் காக்கும் வேலை மட்டும் பூதத்துக்கு! ஊதியமின்றி, ஓய்வுமின்றி!

இந்த மடமை நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1542இல், ஒரு சட்டம் பிறந்தது. மாயத்தின் துணைகொண்டு புதையல் தேடுவோருக்கு மரண தண்டனை! மாயம் பொய் என்பதால் வந்த சட்டமல்ல அது. மாயம் மெய் என்று அரசே நம்பியதால் வந்த சட்டம். ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து, 1735இல், அந்நாட்டு மன்றம் மற்றொரு சட்டம் செய்தது. மாயவித்தை தெரியும் என்று கூறிப் பிறரை ஏய்ப்பவனுக்குச் சிறை என்றது. முதற் சட்டம் மந்திரவாதிக்கு அஞ்சிற்று. இரண்டாம் சட்டம் மந்திரவாதியைப் பார்த்து நகைத்தது. இடையிலே நடந்தது அறிவின் பயணம்.

சட்டம் மாறினாலும் மக்கள் மனம் உடனே மாறிவிடுவதில்லை. 1780 முதல் 1830 வரையில், அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், புதையல் தோண்டும் கூட்டங்கள் பல இருந்தன. கவைக்கோலைப் பிடித்து இடம் பார்ப்பர், வாளால் தரையில் வட்டம் கீறுவர், ஆடு அறுப்பர், வேத வாசகம் ஓதுவர். தோண்டும்போது ஒருவன் வாய்திறந்து ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். புதையல் மேலும் ஆழத்துக்கு இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. குழியிலே எதுவும் இல்லாதபோது குற்றவாளி கிடைத்துவிடுவான் அல்லவா? யாரோ பேசிவிட்டான்! நம் ஊர் மந்திரவாதி "பூசையில் குறை" என்கிறான். அந்த ஊர் மந்திரவாதி "பேசியதால் குறை" என்றான். மொழி வேறு, மோசடி ஒன்று.

கருவி பிறந்த கதை

1881 ஜூலை 2ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு உடலுக்குள்ளே நின்றுவிட்டது. எங்கே நிற்கிறது என்று மருத்துவர்க்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்ட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு கருவியுடன் வந்தார். உலோகம் அருகில் வந்தால் ஒலி எழுப்பும் கருவி அது. அதற்கு இரு தடைகள். கட்டிலில் இருந்த எஃகுச் சுருள்கள் ஒலியைக் குழப்பின. மற்றொரு தடை மனிதத் தடை. குண்டு வலப்புறம்தான் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் முடிவு கட்டிவிட்டார். வலப்புறம் மட்டுமே சோதிக்க விட்டார். செப்டம்பர் 19ஆம் நாள் தலைவர் மாண்டார். உடலை அறுத்துப் பார்த்தபோது குண்டு இடப்புறம் இருந்தது! கருவி எவ்வளவு கூரியதாயினும், அதை எங்கே நீட்டுவது என்று முடிவு செய்யும் மூளை மூடிக்கிடந்தால் பயனில்லை. இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் உலகப் போரில் இக்கருவி மறுபிறப்பு எடுத்தது. ஜெர்மனி தன் நாட்டை விழுங்கியபின் பிரிட்டன் வந்து சேர்ந்த போலந்துப் படை அதிகாரி யோசெப் கொசாட்ஸ்கி, கண்ணிவெடி காட்டும் கருவியொன்றை வடித்தார். அதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. பிரிட்டிஷ் படைக்கு வழங்கிவிட்டார். 1942இல் எல் அலமைன் பாலையில், வெடி புதைத்த மணலில் வழி திறக்க அது பயன்பட்டது. போர் முடிந்தபின், படைக்கு மிஞ்சிய கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. கருவியின் எடை குறைந்தது. 1970க்குப் பிறகு ஆயிரமாயிரம் பேர் அதைத் தோளிலிட்டுக்கொண்டு வயலுக்கும் காட்டுக்கும் கிளம்பினர்.

கருவி வேலை செய்யும் முறையில் மறைபொருள் எதுவுமில்லை. நுனியில் ஒரு கம்பிச் சுருள். அதிலே திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். அதனால் சுருளைச் சுற்றிலும் காந்தப் புலம். புலத்துக்குள் உலோகம் அகப்பட்டால், அந்த உலோகத்திலும் சுழல் மின்னோட்டம் தோன்றும். அது தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்கும். அந்த மாற்றத்தைக் கருவி உணர்ந்து ஒலியாக்குகிறது. பூதம் காத்தாலும் காக்காவிட்டாலும் ஒலி ஒன்றுதான்!

பாழ்மனையைத் தேடி

இவர்கள் விரும்பித் தேடிச் செல்லும் இடம், மக்கள் விட்டுப்போன வீட்டுமனை. பழைய நிலப்படத்தில் வீடு என்று குறித்திருக்கும். இன்று அங்கே காடு இருக்கும். காட்டு நடுவே வரிசையாகப் பூத்து நிற்கும் டாஃபடில் செடிகள், "இங்கே ஒரு வாசற்படி இருந்தது" என்று காட்டிக் கொடுக்கும். தூர்ந்த கிணறும், சரிந்த புகைபோக்கிக் கல்லும் அடுத்த சாட்சி. அங்கே கருவியை வீசி நடந்தால் பொத்தான் கிடைக்கும், கரண்டி கிடைக்கும், தையல் விரற்கூடு கிடைக்கும், துப்பாக்கிக் குண்டு கிடைக்கும், மரத்தடியில் யாரோ தவறவிட்ட காசு கிடைக்கும்.

இதிலே தவறு என்ன? தேடும் ஆவலில் தவறில்லை. அறிவெல்லாம் ஆவலில்தான் பிறந்தது. தவறு, எடுக்கும் முறையில். ஒரு காசின் விலை அதன் வெள்ளியில் இருக்கிறது. அதன் வரலாறோ அது கிடந்த இடத்தில் இருக்கிறது. அடுப்படியில் கிடந்ததா, வாசலில் கிடந்ததா, குழந்தையின் குழியில் கிடந்ததா, எந்த மண்ணடுக்கில், எதற்கு அருகில் என்பதெல்லாம் தெரிந்தால் காசு பேசும். தோண்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட நொடியிலேயே அது ஊமையாகிவிடுகிறது. அப்புறம் எந்த அறிஞராலும் அதைப் பேச வைக்க முடியாது.

இருவகைத் தேடலுக்கும் இங்கிலாந்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. சர்ரே வட்டாரத்து வான்பரோவில், பழைய ரோமானியக் கோயில் இருந்த இடத்தை, 1980களின் நடுவில் திருட்டுக் கூட்டம் இரவோடு இரவாகக் கொத்தியது. ஆயிரக்கணக்கான பண்டைக் காசுகள் சந்தைக்குப் பறந்தன. அவற்றை யார் படைத்தனர், எப்போது, எப்படி என்பதெல்லாம் குழியோடு போயிற்று. 1992 நவம்பரில் சஃபோக் வட்டாரத்து ஹாக்சனில், எரிக் லாஸ் என்ற முதியவர், நண்பரான உழவர் தொலைத்துவிட்ட சுத்தியலைத் தேடக் கருவியுடன் சென்றார். கிடைத்தது ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும்! சிறிது எடுத்தவர், மண்ணுக்குள்ளே மேலும் இருப்பதைக் கண்டதும் நிறுத்திக்கொண்டு செய்தி சொன்னார். அறிஞர் வந்து முறையாக அகழ்ந்தனர். சுமார் 15,000 காசுகள், ஏறத்தாழ 200 பொருள்கள். மட்கிப்போன மரப்பெட்டிக்குள் எது எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்பதுகூடத் தெரிந்தது. ஆசையை அடக்கியவருக்குப் பரிசுப் பணமும் கிடைத்தது. நாட்டுக்கு வரலாறும் கிடைத்தது. அந்தச் சுத்தியலும் அகப்பட்டது. அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் சேர்ந்தது!

வான்பரோவின் வடுவால் 1996இல் புதிய புதையல் சட்டம் வந்தது. பொதுமக்கள் கண்டெடுப்பதைப் பதிவு செய்யும் திட்டம் 1997இல் தொடங்கிற்று. இதுவரை 15 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அதில் பதிவாகியுள்ளன. பொதுமக்களைப் பகைவராக எண்ணி விரட்டியபோது கிடைக்காத செல்வம், அவர்களைத் துணைவராக ஏற்றபோது கிடைத்தது.

பாகுபாட்டுத் திருகு

இனி, கருவியின் உள்ளே இருக்கும் ஒரு பொல்லாங்கைச் சொல்ல வேண்டும்.

பாழ்மனையில் அதிகம் கிடப்பது பொன்னும் வெள்ளியுமா? இல்லை, இரும்பு. ஆணியும் கீலும் சங்கிலித் துண்டும். புதையல் தேடுவோருக்கு இது தொல்லை. ஒவ்வோர் ஆணிக்கும் கருவி கத்தினால் காசு கிடைப்பது எப்போது? ஆகவே கருவி செய்வோர் ஒரு வசதி வைத்தனர். இரும்பு காந்தப் புலத்துக்கு விடையிறுக்கும் முறை வேறு. செம்பும் வெள்ளியும் விடையிறுக்கும் முறை வேறு. அந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி, இரும்பின் ஒலி மட்டும் காதில் விழாதபடி செய்துவிடலாம். அந்த அமைப்புக்கு அவர்கள் வைத்த பெயர் டிஸ்கிரிமினேஷன். தமிழில் சொன்னால், பாகுபாடு!

பெயர் வைத்தவர் குறும்புக்காக வைக்கவில்லை; தொழிற்சொல்லாகவே வைத்தார். ஆனால் என்ன பொருத்தம்! உயர்ந்தது கத்தட்டும், தாழ்ந்தது வாய்மூடட்டும் என்று திருகைத் திருப்பிவிட்டால், மண்ணுக்கடியில் உயர்ந்தது மட்டுமே இருப்பதாகக் காது நம்பிவிடுகிறது. ஏடெழுதியோர் காலங்காலமாகத் திருப்பி வைத்த திருகும் இதுதானே? மன்னன் பெயர் கத்தும். மண் சுமந்தவன் பெயர் கேட்காது. தானம் கொடுத்தவன் பெயர் கல்லில் இருக்கும். கல்லை வெட்டியவன் பெயர் காற்றில் போகும்.

இக்கருவியால் அடக்கப்பட்டோரின் சொல் மெய்யானது, முதலில் ஒரு போர்க்களத்தில். 1876 ஜூன் 25இல், மான்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், லகோட்டா, செயேன் பழங்குடி வீரர் அமெரிக்கக் குதிரைப்படைத் தலைவர் கஸ்டரை வீழ்த்தினர். கஸ்டரும் அவருடன் நின்றோரும் கடைசி மூச்சுவரை அணி குலையாமல் போரிட்டனர் என்று புகழ்க்கதை கட்டப்பட்டது. படை நிலைகுலைந்தது என்று பழங்குடியினர் சொன்னதை ஏற்றவர் குறைவு. 1983இல் புல்வெளி தீப்பற்றி எரிந்து நிலம் வெளிப்பட்டது. 1984இலும் 1985இலும் அறிஞர்கள் தன்னார்வலர்களின் உலோகங்காட்டிகளோடு களத்தை அளந்தனர். தோட்டாக் கூடு ஒவ்வொன்றும் கிடந்த இடத்தைக் குறித்தனர். துப்பாக்கி ஊசி பதித்த வடுவைக் கொண்டு, எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கண்டனர். தோட்டாக்கள் பழங்குடியினர் பக்கமே பெரிதும் சாட்சி சொல்லின. நூறாண்டுக்கு மேலாக நம்பப்படாத வாய்மொழிக்கு, மண் கையெழுத்திட்டது!

போர்க்களத்தில் தோட்டா பேசியதுபோல், வீட்டுமனையில் ஆணி பேசுமா? பேசிற்று, வெர்ஜீனியாவில்.

மாடிசன் மாளிகையும் மறைந்த குடில்களும்

வெர்ஜீனியா மாநிலத்தில் மாண்ட்பிலியர் என்ற பண்ணை. அமெரிக்க அரசியல் சட்டத்தின் தந்தை என்று போற்றப்படும் நான்காம் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மாடிசனின் இல்லம். அரசியல் சட்டத்துக்கான எண்ணங்களை அவர் ஆராய்ந்தது அந்த வீட்டில். 1787இல் எழுதப்பட்ட அந்தச் சட்டத்தில் அடிமை என்ற சொல்லே கிடையாது. ஆனால் தொகுதிக் கணக்குக்கு மக்களை எண்ணும்போது, "ஏனைய மனிதர்" ஒவ்வொருவரும் ஐந்தில் மூன்று பங்காக எண்ணப்படுவர் என்று மட்டும் இருந்தது. சொல்லை மறைத்தார்கள், சங்கிலியை மறைக்கவில்லை!

மாடிசன் குடும்பம் தலைமுறைதோறுமாகச் சுமார் 300 கறுப்பின மக்களை அங்கே அடிமைகளாக வைத்திருந்தது. உரிமை பற்றி உலகுக்கு எழுதிய மாடிசன், 1836இல் இறந்தபோது தம் உயிலில் ஓர் அடிமையைக்கூட விடுவிக்கவில்லை. மாளிகை நின்றது; அதன் தூண்கள் நின்றன; உழைத்தோர் குடில்கள் மட்கி மறைந்தன. வயலும் காடும் அவற்றை மூடின.

2012 முதல், மாண்ட்பிலியரின் தொல்லியலார் ஒரு புதிய வழி கண்டனர். உலோகங்காட்டியுடன் திரியும் பொழுதுபோக்காளரை வரவழைத்தனர். தம்மோடு நிறுத்திப் பயிற்சி கொடுத்தனர். நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தனர். "காசைத் தேட வேண்டா, பாகுபாட்டுத் திருகைக் கழற்றுங்கள், இரும்பு கத்தட்டும், ஒவ்வோர் ஆணியும் கத்தட்டும்!" என்பதே அங்கே முறை. ஒலி எழுந்த இடமெல்லாம் குறிக்கப்பட்டது. எல்லாவற்றையும் தோண்டவில்லை, தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தனர். ஒலிகள் நெருங்கிக் கூடிய இடத்திலே, காட்டின் நடுவே, குடில்களின் வடிவம் எழுந்தது.

ஆணி எப்படிப் பேசுகிறது? கொல்லன் கையால் அடித்த ஆணி நாற்புறமும் குறுகி வரும். தலையிலே சம்மட்டியின் தடம் இருக்கும். 1790களிலிருந்து தகட்டை எந்திரத்தால் நறுக்கிச் செய்த ஆணி வந்தது. இன்று நாம் காணும் உருண்டைக் கம்பியாணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் பெருகிற்று. ஆகவே ஆணி, வீட்டின் வயதைச் சொல்லும். மரத்தண்டுகளை ஒன்றோடொன்று கவ்வ வைத்துக் கட்டிய குடிலுக்கு ஆணி குறைவு. சட்டமிட்டுப் பலகை அறைந்த வீட்டுக்கு ஆணி மிகுதி. ஆகவே ஆணியின் எண்ணிக்கை, வீட்டின் வகையைச் சொல்லும். வளைந்த ஆணி, பலகையிலிருந்து பிடுங்கப்பட்டது; நேரான ஆணி, மரம் தானே மட்கியபின் விழுந்தது. ஆகவே ஆணியின் வளைவு, வீட்டின் முடிவைச் சொல்லும்.

இவற்றால் தெரிந்தது என்ன? மாளிகைக்கு அருகே, விருந்தினர் கண்ணில் படும் இடத்தில் இருந்த அடிமை வீடுகளுக்குப் பலகைத் தளமும் கண்ணாடிச் சன்னலும் இருந்தன. வயலில் உழைத்தோருக்கு மரத்தண்டுக் குடிலும் மண் தரையுமே. அடிமைக்குள்ளும் அடுக்கு! ஆண்டானின் கண்ணுக்கு அழகு வேண்டியபோது அடிமைக்குக் கண்ணாடி கிடைத்தது. கண்ணுக்கு எட்டாத இடத்தில் அதுவும் இல்லை. பிரித்து வைத்தால் பணிய வைக்கலாம் என்ற கணக்கு அங்கும் உண்டு என்பதை, படியேறிய சாதியடுக்கு கண்ட நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆணி அடித்த சிறுவர்

வெர்ஜீனியாவிலேயே மற்றொரு மலைமீது மாண்டிசெல்லோ. எல்லா மனிதரும் சமம் என்ற கொள்கையை 1776 விடுதலைச் சாற்றலில் எழுதிய தாமஸ் ஜெபர்சனின் இல்லம். அவர் தம் வாழ்நாளில் அடிமையாக வைத்திருந்தோர் 600க்கும் மேற்பட்டோர். 1794இல் அங்கே ஓர் ஆணிப் பட்டறை தொடங்கினார். பட்டறையில் சம்மட்டி பிடித்தோர் யார்? பத்து முதல் பதினாறு வயதுவரை உள்ள அடிமைச் சிறுவர்! ஒரு டஜன் சிறுவரை வைத்து வேலை வாங்குவதாகவும், அதன் ஒவ்வொரு நுணுக்கத்தையும் தாமே மேற்பார்ப்பதாகவும் 1795இல் அவரே கடிதம் எழுதினார். எந்தச் சிறுவன் எவ்வளவு இரும்பை வீணாக்கினான் என்பதற்கும் கணக்கு வைத்தார்.

நம் வகுப்பிலே பத்து வயதுச் சிறுவர் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் கையில் எழுதுகோல் இருக்கிறது. அந்தக் கைகளில் சம்மட்டி இருந்தது என்று எண்ணிப் பார்த்தால், ஆணி வெறும் ஆணியாகத் தோன்றுமா?

அந்தச் சிறுவர் வாழ்ந்த வரிசையின் மண்ணிலிருந்து துளையிட்ட ஸ்பானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கழுத்திலோ கணுக்காலிலோ கட்டிக்கொண்டால் தீங்கு அணுகாது என்று அடிமை மக்கள் பலர் நம்பினர். மூடநம்பிக்கைதானே என்று நாம் கடந்துபோகலாம். பகுத்தறிவு அப்படி அவசரப்படாது, காரணம் கேட்கும். மருத்துவரும் இல்லை, நீதிமன்றமும் இல்லை, பெற்ற பிள்ளை நாளை விற்கப்படாது என்ற உறுதியும் இல்லை என்னும்போது, மனிதன் எதைப் பற்றிக்கொள்வான்? காசைத் தாயத்தாக்கியவனைவிட, அவனைத் தாயத்துக்குத் துரத்திய முறையே நம் கண்டனத்துக்கு உரியது.

பெயரில்லா வில்லை

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் தம் அடிமையை வெளிவேலைக்கு வாடகைக்கு விடும் ஆண்டான், ஆண்டுதோறும் நகராட்சிக்குக் கட்டணம் கட்டி ஒரு செப்பு வில்லை வாங்க வேண்டும். அடிமை அதை அணிய வேண்டும். 1783இல் தொடங்கிய இம்முறை, நடுவே சில ஆண்டு நின்றாலும், 1865இல் அடிமை முறை ஒழியும்வரை நீடித்தது. வில்லையில் நகரின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், எண் இருக்கும், வேலைக்காரர், சுமைதூக்கி, மீன்பிடிப்பவர் என்று தொழில் இருக்கும். அணிந்தவர் பெயர் மட்டும் இராது!

ஆண்டு முடிந்தால் வில்லை செல்லாது, எறிந்துவிடுவர். எறிந்தவை பழைய மனைகளில் புதைந்து கிடந்தன. உலோகங்காட்டி வந்தது, வில்லைகள் வெளிவந்தன. அவற்றுக்கு இன்று ஏலத்தில் ஆயிரக்கணக்கான டாலர் விலை. விலை ஏறவே, போலி வில்லைகளும் பெருகின! அணிந்தவனை ஒருமுறை விற்றார்கள். அவன் அணிந்ததை இன்று மறுமுறை விற்கிறார்கள். எந்த வீட்டுமனையில், எந்தக் குழியில் கிடைத்தது என்று தெரியாமல் விற்கப்படும் வில்லை, அதை அணிந்தவரைத் தேடிச் செல்லும் வழியை அடைத்துவிடுகிறது. மாறாக, 2021இல் சார்ல்ஸ்டன் கல்லூரி வளாகத்தில் முறையான அகழ்வின்போது 1853ஆம் ஆண்டு வில்லையொன்று கிடைத்தது. அது கிடந்த இடமும், உடன் கிடந்த பொருள்களும் பதிவாயின. அங்கே அடுப்படியில் உழைத்தோர் வாழ்வை ஆராய வழி பிறந்தது.

யாருக்கு உரியது?

கண்டெடுத்தவனுக்கா, நிலம் உடையவனுக்கா, அரசுக்கா என்று சட்டம் கேட்கிறது. நான்காவதாக ஒருவர் இருக்கிறார்: அங்கே வாழ்ந்தவரின் வழித்தோன்றல்.

மாண்ட்பிலியரில் அந்தக் கேள்வி எழுந்தது. தம் முன்னோர் உழைத்த மண்ணின் வரலாற்றைச் சொல்வதில் சம உரிமை வேண்டும் என்றனர், அடிமைகளாக வாழ்ந்தோரின் வழிவந்தோர். 2021 ஜூனில் ஆட்சிக் குழு ஒப்புக்கொண்டது. 2022 மார்ச்சில் அதே குழு பின்வாங்கிற்று. எதிர்த்துப் பேசிய பணியாளர் சிலர் வேலை இழந்தனர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவ்வாண்டு மே மாதம் வழித்தோன்றல் குழு முன்மொழிந்தோரிலிருந்து புதிய உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆட்சிக் குழுவில் சமநிலை கிடைத்தது. ஐந்தில் மூன்று என்று எண்ணப்பட்டோரின் பேரர், அந்தக் கணக்கு எழுதியவரின் வீட்டிலேயே முழு எண்ணாக அமர்ந்தனர்! ஆணிகள் தோண்டி எடுக்கப்படாமல் இருந்திருந்தால், அவர்கள் முன்னோர் வீடு எங்கே என்று சுட்டிக்காட்டவும் முடிந்திராது.

தோழர்களே! இது கடல் கடந்த கதைதான். ஆனாலும் நம் ஊர்ப்புறங்களிலும் பாழ்மனைகள் உண்டு. மழை பெய்தபின் மண்மேட்டில் ஓடும் காசும் தலைநீட்டும் நத்தங்கள் உண்டு. 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையல் கண்டால் கலெக்டருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மைக்காரனை அழைப்பவனும் குற்றம் செய்கிறான். கருவி வாங்கி இரவில் தோண்டி, காசை உருக்கி விற்பவனும் குற்றம் செய்கிறான். முன்னவன் அறிவைக் கொல்கிறான். பின்னவன் சான்றைக் கொல்கிறான்.

உங்கள் ஊரில் மக்கள் விட்டுப்போன மனைமேடு எங்கே இருக்கிறது? அங்கே யார் வாழ்ந்தனர்? ஏன் போயினர்? பஞ்சமா, நோயா, துரத்தலா? முதியோரைக் கேளுங்கள்; நாள் குறித்து எழுதுங்கள். அவர்கள் மறைந்தால், கேட்க ஆளில்லை. மண்மேல் ஏதேனும் கண்டால், கண்ட இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள், கொத்தி எடுக்காதீர்கள். கேட்கும்போது ஊர்த்தெரு முதியோரை மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். சேரித் தெருவிலும் கேளுங்கள். காதிலே பாகுபாட்டுத் திருகு இருக்கும்வரை, எந்த மண்ணும் முழு உண்மை சொல்லாது. அதை முதலில் கழற்றுவோம்.